பாலம் ஆடுகிறதா, பாதம் ஆடுகிறதா?

குமரிமுனை. காலை வெயில் கடல்மேல் விழுந்து கண்ணைக் கூசச் செய்யும் நேரம். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் நிற்கும் பாறைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தின்மீது நடந்துகொண்டிருந்தோம். நமக்கு முன்னால் ஒரு தாய். அறுபதுக்கு மேலிருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த விரல்கள் மகனின் சட்டைக்கையை இறுகப் பற்றியிருந்தன. கண்ணாடி தொடங்கும் இடத்தில் காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எய்யா, ஆடுதுல்லா?" என்றார்.

"ஆடல்லாம் இல்லம்மா. கீழ பாக்காம வாங்க," என்றான் மகன்.

பின்னால் வந்த ஒரு வாலிபன், கையில் கைப்பேசி, கண்ணில் கருப்புக் கண்ணாடி, கடகடவென்று சிரித்தான். "பாட்டிக்குக் காலு ஆடுது, பாலம் ஆடுதுன்னு சொல்லுதாவ!"

சிரித்துவிட்டு அவன் போய்விட்டான். நமக்குப் போக மனம் வரவில்லை. ஆடியது பாலமா, பாதமா? நாமும் நின்று பார்த்தோம். நமக்கொன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்பது ஆடவில்லை என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது. அந்த அம்மையாருக்குத் தெரிந்தது என்பது ஆடியதற்குச் சான்றாகுமா? அதுவும் ஆகாது! பிறகு எப்படித்தான் அறிவது? அறிய வழியுண்டு தோழர்களே, அளந்து பார்க்கும் வழி. அந்த வழியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் இந்தப் பாலம் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுவோம். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், 133 அடி உயரத்தில் வள்ளுவருக்குச் சிலை திறந்தோம். திறந்தோமே தவிர, வந்தவரெல்லாம் அருகே சென்று பார்க்க முடிந்ததா? கடல் தணியும் நேரங்களில் அந்தப் பாறையருகே படகு அண்ட முடியாது. வடநாட்டிலிருந்தும் வயல்காட்டிலிருந்தும் வந்தவர்கள் விவேகானந்தர் பாறையோடு திரும்பினார்கள்; வள்ளுவரைத் தொலைவிலிருந்து கும்பிட்டுப் போனார்கள். அந்தக் குறை தீர, 37 கோடி ரூபாய் செலவில் 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பாலத்தைக் கட்டி, சிலையின் வெள்ளி விழாவையொட்டி 2024 டிசம்பர் 30ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். நல்ல காரியம். நாடு போற்றும் காரியம். போற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பீடித்தொழிலாளித் தாய் கேட்ட கேள்விக்குப் பதில்?

"விழாது" என்பார்கள். எந்தப் பாலத்தில் எவர் ஐயம் எழுப்பினாலும், கட்டியவர் முதற்கொண்டு காவலர் வரை கைவசம் வைத்திருக்கும் பதில் இதுதான். விழாதென்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அந்த அம்மையார் விழுமா என்றா கேட்டார்? ஆடுதா என்றல்லவா கேட்டார்! கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. உண்ணும் சோற்றில் கல் இருக்கிறதே என்பவனிடம், இதைத் தின்று யாரும் செத்ததில்லை என்று சொல்வது பதிலாகுமா?

பொறியியல் படித்தவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். உடையாமல், சரியாமல் தாங்கி நிற்பது ஒரு தகுதி. பயன்படுத்துவோர் அச்சமின்றி, அருவருப்பின்றி, தலைசுற்றலின்றிப் பயன்படுத்த முடிவது இன்னொரு தகுதி. முதல் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய பாலம் இரண்டாம் தேர்வில் தோற்கலாம். தோற்றிருக்கிறது! அதுவும் சாமான்ய ஊரிலா? சாம்ராஜ்யம் ஆண்ட இலண்டன் நகரத்திலே!

தேம்ஸ் ஆற்றின் குறுக்கே, செயின்ட் பால் தேவாலயத்துக்கும் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்கும் இடையே, புதிய ஆயிரமாண்டின் நினைவாக ஒரு நடைபாலம் கட்டினார்கள். கண்ணாடிப் பாலமல்ல; தளம் அலுமினியம், தாங்குவது எஃகு வடம். நீளம் 325 மீட்டர். வடிவமைத்தவர்கள் உலகப்புகழ் பெற்றவர்கள். 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் திறந்தார்கள். அன்று ஒரே நாளில் எண்பதாயிரம் பேருக்குக் குறையாமல் நடந்தார்கள். ஒரு நேரத்தில் ஏறத்தாழ 2,000 பேர் பாலத்தின்மேல்! அப்போது ஆடத் தொடங்கியது. மேலும் கீழுமாக அல்ல, இடமும் வலமுமாக. நடந்தவர்கள் காலை அகட்டி வைத்தார்கள், கைப்பிடியைப் பற்றினார்கள், குடித்தவன் தள்ளாடுவதுபோல் குடிக்காதவனெல்லாம் தள்ளாடினான். இரண்டே நாளில், ஜூன் 12ஆம் தேதி, பாலத்தை இழுத்து மூடினார்கள். "தள்ளாடும் பாலம்" என்று இலண்டன் மக்கள் சூட்டிய பெயர் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை.

ஒரு கம்பி அறுந்ததா? இல்லை. ஒரு திருகாணி தெறித்ததா? இல்லை. ஒருவருக்கேனும் உயிர் போனதா? இல்லவே இல்லை. பிறகு ஏன் மூடினார்கள்? மக்கள் நடக்க முடியாத பாலம் பாலமாகாது என்பதால் மூடினார்கள். சிரித்துவிட்டுப் போகவில்லை, சிந்தித்தார்கள். அதைத்தான் நாம் பாராட்டுகிறோம்.

என்ன கண்டார்கள்? ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஒரே மூச்சாகத் தள்ளினால் என்ன உயரம் போகும்? அது வந்து திரும்பும் சமயம் பார்த்து ஒரு விரலால் தட்டிக்கொண்டேயிருங்கள், விட்டத்தைத் தொட்டுவிடும். எல்லாப் பாலத்துக்கும் இப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. மனிதன் நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறான். கீழே அமுக்குவது நொடிக்கு இரண்டு முறை. இடக்கால், வலக்கால் என்று எடை மாறுவதால் பக்கவாட்டில் தள்ளுவது நொடிக்கு ஒரு முறை. பாலத்தின் தாளம் இந்தத் தாளத்தோடு ஒத்துவிட்டால்? ஊஞ்சல் கதைதான்!

பட்டாளத்தார் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் பாலத்தில் சிப்பாய்கள் ஒரே அடியாக நடந்தார்கள்; பாலம் அறுந்தது. 1850இல் பிரான்சின் ஆஞ்சே நகரில், புயற்காற்றும் துருப்பிடித்த வடமும் அணிவகுப்பும் சேர்ந்து 200க்கு மேற்பட்டவர்களை ஆற்றுக்கு இரையாக்கின. அதன்பின் பாலத்தில் அடி பிரித்து நடக்கவேண்டும் என்பது படைகளின் வழக்கமானது. ஆனால் இலண்டனில் நடந்தவர்கள் சிப்பாய்களா? தாத்தாவும் பேத்தியும், காதலனும் காதலியும், கடைக்குப் போகிறவரும்! அவரவர் போக்கில் நடந்தவர்கள் எப்படிச் சேர்ந்து தள்ளினார்கள்?

தோணியில் போயிருக்கிறீர்களா? தோணி இடப்பக்கம் சாய்ந்தால் நிற்பவரெல்லாம் என்ன செய்கிறார்கள்? எவரும் கட்டளையிடாமலே, விழாமலிருக்கக் காலை ஊன்றுகிறார்கள். அப்படித்தான். பாலம் சிறிது அசைகிறது. நடப்பவன் தடுமாறாமலிருக்கக் காலை அகட்டி ஊன்றுகிறான். அந்த ஊன்றல் பாலத்தை இன்னும் தள்ளுகிறது. பாலம் மக்களை ஆட்ட, மக்கள் பாலத்தை ஆட்ட, ஆட்டம் ஏறிக்கொண்டே போகிறது. எல்லோரும் ஒரே தாளத்தில் அடி வைக்கவேண்டும் என்பதுகூட இல்லை, விழாமலிருக்க ஒவ்வொருவரும் காலை ஊன்றும் விதமே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் போதும் என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

வேதனை என்னவென்றால், ஜப்பானில் படகுப் பந்தயம் பார்த்துத் திரும்பும் கூட்டத்தால் ஒரு நடைபாலம் பக்கவாட்டில் ஆடியதை ஆராய்ந்து 1993இலேயே எழுதியிருந்தார்கள். ஏட்டில் இருந்தது, இலண்டன் பாலத்தின் கணக்கில் ஏறவில்லை!

மூடிய பாலத்தில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். வடபகுதியில் ஐம்பது, நூறு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். 156 பேர் நடந்தபோது பாலம் அடங்கி இருந்தது. இன்னும் பத்தே பேர்! 166 ஆனதும் ஆட்டம் கிளம்பி வளர்ந்தது. தோழர்களே, இந்தப் பத்துப் பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்களிடம் வருகிறோம்.

மருந்து என்ன போட்டார்கள்? வண்டிக்குப் போடும் அதிர்வுத் தாங்கியைப் பார்த்திருப்பீர்கள்; குழிக்குள்ளே எண்ணெய், உள்ளே ஒரு உலக்கை, அசைந்தால் எண்ணெய் தடுக்கும். அதுபோல் 37, வில்லில் தொங்கவிட்ட எடை, பாலம் மேலே போனால் தான் கீழே போய் ஆட்டத்தை விழுங்கும் அமைப்பு 52. செலவு ஏறத்தாழ 50 லட்சம் பவுன். 2002 ஜனவரியில் 2,000 பேரை நடக்கவைத்துச் சோதித்த பிறகு, பிப்ரவரி 22இல் மறுபடி திறந்தார்கள். இருபது மாதம் ஒரு தலைநகரத்தின் புத்தம்புதிய பாலம் பூட்டிக் கிடந்தது, "ஆடுதே" என்று மக்கள் சொன்ன ஒரு சொல்லுக்காக!

எவ்வளவு ஆடலாம் என்பதற்கும் அளவு கண்டிருக்கிறார்கள். அசைவின் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே அளவுகோல். முடுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. ஐரோப்பிய விதிப்படி மேல்கீழ் அசைவு 0.7, பக்கவாட்டு அசைவு 0.2, இரண்டும் நொடிக்கு நொடி மீட்டர் கணக்கில். கூட்டம் அலைமோதும் அரிய நாளில் பக்கவாட்டுக்கு 0.4 வரை பொறுக்கலாம். பூமி நம்மை இழுக்கும் முடுக்கம் 9.8. அதில் ஐம்பதில் ஒரு பங்கு பக்கவாட்டில் ஆடினாலே மனிதனுக்குப் பொறுக்காது! இலண்டன் பாலம் அன்று ஆடியது இந்த 0.2ஐப்போல் பத்து மடங்குக்கு. பேருந்து கிளம்பும்போது அந்த 0.2ஐவிடப் பெரிய உந்தலைத் தினமும் தாங்குகிறோம், முணுமுணுப்பதுகூட இல்லை. பேருந்து ஆடும் என்று தெரிந்து ஏறுகிறோம். பாலம் ஆடாது என்று நம்பி ஏறுகிறோம். நம்பிக்கைக்கும் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது விஞ்ஞானம்!

2006இல் பிரெஞ்சு நாட்டார் வகுத்த நெறிமுறையில் நம்மைக் கவர்ந்த ஒன்று உண்டு. மிக வசதி, நடுத்தர வசதி, குறைந்த வசதி என்று பிரித்து, எந்த வகை வேண்டும் என்பதைப் பாலத்தின் உடைமையாளர் முடிவு செய்யட்டும் என்கிறது. பொதுப் பாலத்துக்கு உடைமையாளர் யார்? அந்தப் பீடித்தொழிலாளித் தாயல்லவா!

இனி, கண்ணாடிக்கு வருவோம். எஃகுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. உடையுமுன் வளையும், வளைந்து எச்சரிக்கும். கண்ணாடிக்கு அந்தக் குணம் கிடையாது. நின்றால் நிற்கும், உடைந்தால் உடையும். அதனால்தான் ஒரே பாளமாகப் போடாமல், சூடேற்றி உறுதியாக்கிய பாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே பிசின்தாள் வைத்து ஒட்டுகிறார்கள். மேலது கீறினாலும் கீழது தாங்கும். எடையைச் சுமப்பது பெரும்பாலும் அடியிலிருக்கும் எஃகுச் சட்டம். ஆகவே கண்ணாடிப் பாலம் ஆடினால், ஆடுவது அந்தச் சட்டம். ஆனால் அடியில் ஆழம் தெரிகிறதே! கெட்டியான கற்றளத்தில் உணராத அசைவை, கண்ணாடிக்குக் கீழே அலை புரளும்போது உடம்பு உணர்கிறது. கண் ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது, நடுவிலே கலங்குகிறது தலை. நடப்பவனைவிட நிற்பவனுக்கு அதிர்வு அதிகம் தெரியும் என்பது ஆய்ந்தறிந்த உண்மை. கண்ணாடிப் பாலத்தில் எவன் நடக்கிறான்? படம் பிடிக்க நிற்கிறான்! நிற்கும் மனைவியைப் பயமுறுத்தக் குதிக்கிறான்! ஆகவே வேறு பாலத்துக்குப் போதுமான கணக்கு இங்கே போதாது.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஹுவாலப்பாய் பழங்குடியினரின் நிலத்தில், 2007இல் திறந்த கண்ணாடி நடைமேடையில் அதிர்வை விழுங்கும் எடைகளைக் கட்டும்போதே வைத்தார்கள். கண்ணாடி கீறாமலிருக்கக் காலணிக்கு உறை மாட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். வருமுன் காத்தவர்கள்.

சீனத்துக் கதை வேறு. 2015இல் யுன்டாய் மலையில் ஒருவர் கையிலிருந்த குவளை விழுந்து கண்ணாடியின் ஓர் அடுக்கு விரிந்தது. மற்ற அடுக்குகள் தாங்கின, ஆபத்தில்லை என்றார்கள். மக்கள் கேட்டார்களா? அலறிக்கொண்டு ஓடினார்கள், பாதையை மூடவேண்டியதாயிற்று. பாலம் விழவில்லை, ஆனால் பயன்படவுமில்லை! 2016 ஆகஸ்ட் 20இல் சாங்ஜியாஜியே பள்ளத்தாக்கின்மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், 430 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். திறக்குமுன் சம்மட்டியால் அடித்துக் காட்டினார்கள், மேலே கார் ஓட்டிக் காட்டினார்கள். உலகமே வியந்தது. ஆனால் கதவருகே வந்து நின்ற கூட்டத்துக்கு எந்தச் சம்மட்டி பதில் சொல்லும்? நாளொன்றுக்கு 8,000 பேர் என்று திட்டமிட்ட இடத்தில் அதைப்போல் பத்து மடங்கு பேர் வர விரும்பினார்கள். பதின்மூன்று நாளில் மூடி, ஏற்பாடுகளைச் சரிசெய்துதான் மறுபடி திறந்தார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. 2017இல் கிழக்குத் தாய்ஹாங் மலையில், நடப்பவர் காலடியில் கண்ணாடி விரிசல் விடுவதுபோல் போலிக் காட்சி அமைத்தார்கள். மனிதன் நடுங்கித் தரையில் விழுந்து புரள்வதைக் கண்டு ரசிப்பதற்கு! பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். காசு கொடுத்து வந்தவனின் அச்சத்தைக் காட்சிப்பொருளாக்குவதை விளையாட்டு என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

அச்சப்படுகிறவனை எள்ளி நகையாடுவது எளிது. ஆலைத் தோழர்களைக் கேட்கிறோம். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்து, "பேரிங் போகப்போகுது" என்று பிட்டர் சொல்கிறாரே, அவரைப் பார்த்து மேஸ்திரி சிரிக்கிறாரா? நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார். பத்தில் மூன்று தடவை பேரிங் நன்றாகவே இருக்கலாம். இருந்தாலும் பார்க்கிறார். தறிக்கூடத்தில் தளம் அதிர்வதை முதலில் அறிவது முதலாளியின் காதல்ல, தொழிலாளியின் கால். மோட்டார்மேல் வைத்த கைக்கு இருக்கும் மதிப்பு, பாலத்தில் வைத்த காலுக்கு இல்லையா?

அளப்பது மலையைப் புரட்டும் வேலையுமல்ல. பாலத்தின் நடுவிலும் கால்பகுதிகளிலும் முடுக்கமானிகளை வைக்கிறார்கள். ஒருவர், பத்துப் பேர், ஐம்பது பேர் என்று தாளக்கருவி ஒலிக்க நடத்துகிறார்கள். நிற்கவைக்கிறார்கள், ஓடவைக்கிறார்கள், குதிக்கவைக்கிறார்கள். கூட்டமில்லாத இரவிலும் கூட்டமுள்ள பகலிலும் பதிகிறார்கள். உங்கள் சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசிக்குள்ளேயே ஒரு சிறு முடுக்கமானி இருக்கிறது. அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் அளவு என்பது ஆண்டவன் ரகசியமல்ல என்று தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை அளந்துவிட்டால் தீர்ந்ததுமில்லை. குமரியில் உப்புக்காற்று ஓயாது. எஃகு அரிக்கும், திருகாணி தளரும், கண்ணாடிக்கு அடியில் வைத்த ரப்பர் இறுகும். இந்த ஆண்டு அடங்கியிருந்தது ஐந்தாண்டில் வேறு மாதிரி பேசும்.

குமரிப் பாலம் வில்லும் நாணும்போல் அமைந்தது. மேலே வளைவு, கீழே அதை இழுத்துப் பிடிக்கும் தளம். வடத்தில் தொங்கும் பாலத்தைவிட இவ்வகை விறைப்பானது. நல்ல தேர்வு. அதனால்தான் நாம் கேட்பது சுலபமான ஒன்று. நுழைவாயிலில் ஒரு பலகை. தமிழில், பெரிய எழுத்தில். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம். கடைசியாக அதிர்வு அளந்த நாள் எது. அளந்தது எவ்வளவு, விதி அனுமதிப்பது எவ்வளவு. திறந்துவைத்தவர் பெயருக்குக் கல்வெட்டு உண்டென்றால், நடப்பவரின் நிம்மதிக்கு ஒரு பலகை கூடாதா?

பலகை மட்டும் போதுமா? எண்ணி விடுவதற்கு வாயிலில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் "நில்லுங்கள்" என்றால் நிற்கவேண்டும். இங்கேதான், தோழர்களே, நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்ளவேண்டியிருக்கிறது. பொங்கல் விடுமுறை, கூட்டம் நெரிகிறது, கணக்கு நிறைந்துவிட்டது, காவலாளி கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். அப்போது கரைவேட்டி கட்டிய ஒருவர் வருகிறார், பின்னால் பத்துப் பேர். "யாரென்று தெரியுமா? மாவட்டத்திலிருந்து வருகிறோம். திற!" மாதச் சம்பளத்துக்கு நிற்கும் காவலாளி என்ன செய்வார்? கயிற்றை அவிழ்ப்பார். அந்தப் பத்துப் பேர்தான் இலண்டனில் 156ஐ 166 ஆக்கிய பத்துப் பேர்! அந்தக் கரைவேட்டி எந்தக் கரையாயிருந்தாலும், நம் கரையாகவே இருந்தாலும், கயிற்றுக்கு இப்புறம் நிற்கட்டும். காவலாளியை மிரட்டியவர் மீது நடவடிக்கை எடுக்கும் முதல் கட்சி நம்முடையதாக இருக்கட்டும்.

மாலையில் திரும்பும்போது அந்த அம்மையாரை மறுபடி பார்த்தோம். வள்ளுவரின் காலடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாராம். கூட்டம் குறைந்திருந்தது. கண்ணாடிக்கு வந்ததும் மகன் கையை நீட்டினான், அவர் பற்றவில்லை. பாலத்தின் நடுவில் நின்றார். வலது காலால் இரண்டு முறை அழுத்தி மிதித்தார். சற்றுநேரம் தலையைச் சாய்த்துக் கொண்டு நின்றார்.

"என்னம்மா?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்லய்யா. பாத்தேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.